பதக்கத்தின் பின்புறம்

தாய்த்தமிழகத்தை விட்டுக் கடல் கடந்து இத்தீவுகளில் குடியேறிய நம் குடும்பங்கள் கையோடு கொண்டுவந்த சாமான்கள் அதிகம் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு குடம், சாமி படம், பத்திரக் கட்டு, அவ்வளவுதான். அந்தப் பெட்டியின் அடியில் சில வீடுகளில் ஒரு துணி முடிச்சும் இருப்பதுண்டு. அவிழ்த்தால் உள்ளே ஒரு பதக்கம். "தாத்தா மிலிட்டரியில் வாங்கினது" என்பார்கள். எந்த மிலிட்டரி, எந்தச் சண்டை, எந்த வருஷம் என்று கேட்டால் பதில் வராது. கேட்டிருக்க வேண்டிய தாத்தா போய்ச் சேர்ந்து பல காலம் ஆகியிருக்கும்.

பழைய சாமான் வாங்க வருகிறவர் அதைப் புரட்டிப் பார்த்து, "இது ஜெர்மன் பதக்கம், லட்சம் பெறும்" என்றாலும் சரி, "வெறும் தகரம், நூறு ரூபாய் தருகிறேன்" என்றாலும் சரி, நமக்கு மறுத்துப் பேசத் தெரிவதில்லை. ஆனால் பதக்கம் தன்னைப் பற்றித் தானே பேசும். அதன் பின்புறமும், விளிம்பும், தொங்கும் வளையமும் படித்தவர்களுக்கு ஒரு கடிதம் போன்றவை. அந்த எழுத்தைப் படிக்கும் வழியை, ஜெர்மானியப் பதக்கங்களை முன்வைத்து இங்கே சொல்ல விழைகிறேன்.

"அந்தமானில் இருக்கும் நமக்கு ஜெர்மன் பதக்கம் எதற்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். இத்தீவுகளின் வரலாறும் ஜெர்மானியப் பதக்கமும் இரண்டு இடங்களில் தொட்டுக்கொள்கின்றன. ஒன்று 1914, மற்றொன்று 1943. இரண்டிலும் தமிழருக்குப் பங்கு உண்டு.

எவர்சில்வர் குடம் சொல்லும் பாடம்

முதலில் நம் வீட்டு அடுக்களைக்குப் போவோம். ஓர் எவர்சில்வர் குடத்தை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். கழுத்திலோ விளிம்பிலோ, பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்த பெயர் இருக்கும். முத்திரை சொல்வது, குடத்தைச் செய்தவர் யார் என்பதை. வெட்டிய பெயர் சொல்வது, குடம் யாருடையது என்பதை. இரண்டும் வேறு வேறு செய்திகள்.

பதக்கங்களிலும் இந்த இரண்டு மரபுகள் உண்டு. பிரிட்டிஷ் அரசும், அதைத் தொடர்ந்து சுதந்திர இந்தியாவும், பெரும்பாலான போர்ப் பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பொறித்துக் கொடுத்தன. ஜெர்மானியர்களோ பெரும்பாலும் பெயரைப் பொறிப்பதில்லை. அவர்கள் பதக்கத்தில் காணப்படுவது அதைச் செய்த பட்டறையின் முத்திரைதான். பெற்றவரின் பெயர் பதக்கத்தோடு தரப்பட்ட சான்றிதழ்த் தாளில் இருக்கும். தாள் தொலைந்தால் பெயரும் தொலைந்தது.

இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும், பாதி ஏமாற்று வேலைகளிலிருந்து தப்பிவிடலாம்.

நிக்கோபாரில் நின்ற எம்டன்

துடுக்கும் தந்திரமும் மிக்க ஆளை "அவன் ஓர் எம்டன்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்த கப்பல் அது. சென்னை உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் அதன் நினைவுக் கல் இன்றும் உள்ளது.

பலர் அறியாத செய்தி, அதே எம்டன் அடுத்த மாதம் நம் கடலுக்கும் வந்தது என்பது. அக்டோபர் இறுதியில் நிக்கோபார் தீவுகளில் நின்று நிலக்கரி ஏற்றிக்கொண்டு கிளம்பிய அக்கப்பல், 28ஆம் தேதி அதிகாலை பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து ரஷ்யாவின் ஜெம்சுக் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் எம்டனை அடித்து முடக்கியது.

எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கு ஜெர்மானிய மன்னர் முதல் வகுப்பு இரும்புச் சிலுவை அளித்தார். அவருடைய அதிகாரிகளும் மாலுமிகளில் பலரும் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை பெற்றனர். எம்டனின் பெயரால் பிறகு கட்டிய கப்பலின் முகப்பிலேயே ஒரு பெரிய இரும்புச் சிலுவையைப் பொருத்தினார்கள். ஆகவே, நிக்கோபார்க் கடலில் நிலக்கரி சுமந்த கைகள் சில பின்னாளில் இரும்புச் சிலுவை அணிந்தன எனலாம்.

நம் சிப்பாய்கள் ஜெர்மானியரை நேருக்கு நேர் சந்தித்ததும் அதே நவம்பரில்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகத்தில் நடந்த சண்டையில் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் 61ஆவது பயனியர் படையும் இருந்தன. அங்கேயும் மற்றப் போர்முனைகளிலும் எதிரியின் பொத்தான், தொப்பிச் சின்னம், பதக்கம் முதலியவற்றை நினைவுப் பொருளாக எடுத்து வருவது எல்லா நாட்டுச் சிப்பாய்களுக்கும் வழக்கம். ஜெர்மன் பதக்கம் ஒன்று தமிழ் வீட்டுப் பெட்டிக்குள் வந்து சேர இப்படியும் வழி உண்டு.

வளையத்தில் இருக்கும் சேதி

இரும்புச் சிலுவையை 1813 மார்ச் 10 அன்று பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் ஏற்படுத்தினார். பின்னர் 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளின் போர்களுக்காக அது புதுப்பிக்கப்பட்டது. சிலுவையின் கீழ்க்கையில் அந்தந்த ஆண்டு இருக்கும். 1914இன் இரண்டாம் வகுப்புச் சிலுவை ஏறத்தாழ 50 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. ஆகவே "கிடைக்காத பொருள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டாம் வகுப்பு நாடாவில் தொங்குவது. முதல் வகுப்பு சட்டையில் குத்திக்கொள்வது. அதன் பின்புறத்தில் ஊசி இருக்கும். முறையாகச் செய்த சிலுவையில் மூன்று பாகங்கள் உண்டு. நடுவே கறுப்பு வண்ணம் பூசிய இரும்புத் தகடு. அதைச் சுற்றி முன்னும் பின்னுமாக இரண்டு வெள்ளிச் சட்டங்கள், விளிம்பில் பற்றவைத்து இணைக்கப்பட்டிருக்கும். ஒரு சிறு காந்தத்தை நடுவில் வைத்தால் பெரும்பாலும் ஒட்டும். சில விதிவிலக்குகள் இருந்தாலும், ஒரே உலோகத்தில் மொத்தமாக வார்த்து, மேலே கறுப்புச் சாயம் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

முத்திரை எங்கே? இரண்டாம் வகுப்பில் நாடா கோக்கும் வளையத்தின் மேல், அரிசியளவே உள்ள எழுத்தில் இருக்கும். முதல் வகுப்பில் பின்புறத்திலோ ஊசியிலோ இருக்கும். நகை ஆசாரி கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. வெளிச்சம் நேராக விழாமல் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

1914 சிலுவைகளில் 'கே ஓ' என்ற ரோமன் எழுத்துகள் இருந்தால் பெர்லின் அரச நாணயச் சாலையைக் குறிக்கும். 'எஸ்-டபிள்யூ' என்றால் பெர்லின் சை அண்ட் வாக்னர். 'எஃப்ஆர்' என்றால் ஃபிரீட்லாண்டர். 'ஜி' என்றால் கோடெட். 'சிடி 800' என்பது ஃபோர்ட்ஸ்ஹைம் நகரின் கார்ல் டில்லெனியுஸ். இதில் வரும் 800 பட்டறையின் எண் அன்று, வெள்ளியின் தரம். ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி என்று பொருள். நம் நகைகளில் 916 என்று பார்க்கிறோமே, அதே கணக்குத்தான். எழுத்து பட்டறையைச் சொல்கிறது, எண் உலோகத்தைச் சொல்கிறது. "இது 800ஆவது வீரனுக்குக் கொடுத்தது" என்று கதை கட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

முத்திரையே இல்லாத உண்மையான சிலுவைகளும் ஏராளம். ஆகவே முத்திரை இல்லை என்பதற்காக ஒரு பொருளைப் போலி என்று தூக்கி எறியவும் கூடாது.

'எல்' எழுத்தும் வெறும் எண்ணும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முத்திரைகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. அப்போது இரண்டு வரிசைகள் இருந்தன. அரசு கொள்முதல் செய்து வீரர்களுக்கு வழங்கிய பதக்கங்களில், குடியரசுத் தலைவர் அலுவலகம் அந்தந்தப் பட்டறைக்குக் கொடுத்த வெறும் எண் இருக்கும். பதக்கம் பெற்றவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்வதும் உண்டு. அப்படிக் கடை விற்பனைக்குச் செய்தவற்றில், 1941இல் அமைந்த பதக்கத் தயாரிப்பாளர் சங்கத்தின் 'எல்' என்ற எழுத்தும், சாய்கோடும், ஓர் எண்ணும் இருக்கும்.

ஒரே பட்டறைக்கு இரண்டு வரிசையிலும் வெவ்வேறு எண்கள். ம்யூனிக் நகரின் டெஷ்லர் என்பவருக்கு 1 என்றும் 'எல்/10' என்றும். பெர்லின் யுங்கருக்கு 2, 'எல்/12'. லூடன்ஷைட் ஊரின் டோய்மருக்கு 3, 'எல்/11'. அதே ஊரின் ஸ்டைன்ஹவர் அண்ட் லூக்குக்கு 4, 'எல்/16'. வியன்னாவின் ருடால்ஃப் சுவால் என்பவருக்கு 'எல்/58'. இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நேதாஜியின் கதையில் அவர் மீண்டும் வருவார்.

இந்த விவரங்களால் பயன் என்ன? காலத்தைக் கணிக்கலாம். 1914 என்று ஆண்டு பொறித்த சிலுவையில் 'எல்' முத்திரை இருந்தால், அது அந்தப் போர்க்களத்தில் கொடுத்ததாக இருக்க முடியாது. பழைய வீரர் ஒருவர் தொலைந்துபோனதற்குப் பதிலாக 1941க்குப் பின் வாங்கியதாக இருக்கலாம். அல்லது போலியாக இருக்கலாம். அதேபோல், 1939 என்று பொறித்த சிலுவையின் நடுவில் ஸ்வஸ்திகாவுக்குப் பதிலாக ஓக் இலை இருந்தால் அது 1957க்குப் பின் செய்தது. அந்த ஆண்டு ஜூலை 26 அன்று மேற்கு ஜெர்மனி கொண்டுவந்த சட்டப்படி, பழைய வீரர்கள் ஸ்வஸ்திகா நீக்கிய பதக்கங்களை மட்டுமே அணியலாம் என்றானது. அவற்றைச் செய்து விற்றவர்களில் பழைய பட்டறைகளும் உண்டு.

இப்படி வடிவம், ஆண்டு, முத்திரை மூன்றும் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே முறை. முத்திரையை மட்டும் நம்புவது, கையெழுத்தை மட்டும் பார்த்துப் பத்திரம் வாங்குவதைப் போன்றது.

வியன்னாவில் அடித்த ஆசாத் ஹிந்த் பதக்கம்

இப்போது 1943க்கு வருவோம். அந்த ஆண்டு டிசம்பர் 29 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேருக்கு வந்தார். அடுத்த நாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏற்றினார். இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் நம் நகரில் அந்த இடத்தைக் காட்டாத பெரியவர் இல்லை. அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டப்பட்டது. ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் இத்தீவுகளை நிர்வகிக்க 1944 பிப்ரவரியில் வந்து சேர்ந்தவர் ஒரு தமிழர், டாக்டர் ஏ. டி. லோகநாதன். ஆற்காடு துரைசாமி லோகநாதன் என்பது முழுப்பெயர். ஜப்பானியர் காவல்துறையை அவர் கையில் ஒப்படைக்கவே இல்லை. பெயருக்கு ஓர் ஆட்சி என்ற நிலையில் அவர் பட்ட வேதனை தனிக் கட்டுரைக்கு உரியது.

நேதாஜி இங்கே வருவதற்கு முன் ஜெர்மனியில் இருந்தார் என்பது தெரிந்ததே. 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து நீர்மூழ்கியில் புறப்பட்டு, நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, மே மாதம் சுமத்ராவின் வடமுனையில் உள்ள சபாங்கில் இறங்கினார். சபாங் என்பது நம் கிரேட் நிக்கோபாருக்குத் தெற்கே, கடலுக்கு அப்பால் உள்ள அடுத்த ஊர் என்றே சொல்லலாம்.

ஜெர்மனியில் இருந்தபோது, 1942இல், ஆசாத் ஹிந்த் விருதுகளை அவர் ஏற்படுத்தினார். ஷேர்-ஏ-ஹிந்த், சர்தார்-ஏ-ஜங், வீர்-ஏ-ஹிந்த், ஷஹீத்-ஏ-பாரத் என்று அவற்றுக்குப் பெயர். போர்க்களத்தில் பெற்றவர்களுக்கு வாள்கள் சேர்த்தும், மற்றவர்களுக்கு வாள் இல்லாமலும் அவை செய்யப்பட்டன. செய்தவர் யார் தெரியுமா? மேலே சொன்ன வியன்னாவின் ருடால்ஃப் சுவால்தான். 1938 முதல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டிருந்ததால் அந்தப் பட்டறையும் ஜெர்மானியப் பதக்கங்களையே அடித்துக்கொண்டிருந்தது. ஆசாத் ஹிந்த் தபால்தலைகள் பெர்லின் அரசு அச்சகத்தில் அச்சாயின. பதக்கங்கள் வியன்னாவில் அச்சேறின. நாடே இன்னும் கைக்கு வராத ஓர் அரசு, தன் வீரர்களின் மார்புக்குப் பதக்கத்தை முன்கூட்டியே செய்து வைத்தது என்றால் அந்த நம்பிக்கையை என்னவென்று சொல்வது!

இங்கேதான் வாசகர்கள் கவனமாக இருக்க வேண்டும். போர் முடிந்த பிறகும் சுவால் பட்டறை மூடப்படவில்லை. சேகரிப்பாளர்களுக்காகப் பழைய பதக்கங்களை மறுபடியும் அடித்து விற்றது. பட்டறை அதே பட்டறை, அச்சும் பழைய அச்சாக இருக்கலாம், முத்திரையும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பதக்கத்தை எந்த வீரனும் அணிந்ததில்லை. முத்திரை உண்மை, கதை பொய் என்று ஆகிவிடுகிறது. இவை போதாதென்று, வேறு இடங்களில் வார்த்த மட்டமான நகல்களும் சந்தையில் உண்டு. "நேதாஜி தம் கையால் குத்திவிட்டது" என்ற கதையோடு ஒரு பதக்கம் விலைக்கு வந்தால், முத்திரையைக் காட்டி மயக்க இடம் கொடுக்காதீர்கள். "தாள் எங்கே?" என்று கேளுங்கள்.

ஐ.என்.ஏ.யில் சேர்ந்த நம்மவர்களில் பெரும்பகுதி மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போனவர்கள். அவர்களுடைய வீட்டார் பலர் பின்னாளில் அகதிகளாக ஊர் ஊராகத் திரிந்தவர்கள். அவர்களிடம் வியன்னாப் பதக்கம் இல்லாமல் இருப்பது வியப்பில்லை. பதக்கம் இல்லை என்பதால் தாத்தா போகவில்லை என்று ஆகிவிடாது. பதக்கம் ஒன்றை விலைக்கு வாங்கி வைத்ததால் போனார் என்றும் ஆகிவிடாது. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. பற்றிய 990 கோப்புகள் 1997 முதல் உள்ளன. தேட வேண்டியது அங்கேதான்.

எம்டனைப் பற்றியும் இதே எச்சரிக்கை பொருந்தும். செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து சென்னையைத் தாக்கினார் என்ற கதையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இந்திய விடுதலைக்காக அமைப்பு நடத்திக்கொண்டிருந்தார் என்பதே ஆவணங்கள் காட்டுவது. அதனால் அவர் பெருமை குறைந்துவிடவில்லை. அவர் செய்த உண்மையான வேலைக்கு இந்தக் கதையின் துணை தேவையில்லை.

லிட்டில் அந்தமானில் ஐந்து சிலுவைகள்

பெயர் பொறித்த மரபுக்கு நம் தீவிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1867 மே 7 அன்று, காணாமற்போன கப்பல் மாலுமிகளைத் தேடி லிட்டில் அந்தமான் கரைக்குப் போன பிரிட்டிஷ் படையினர் பேரலையில் சிக்கிக்கொண்டார்கள். உதவி மருத்துவர் கேம்பல் மெல்லிஸ் டக்ளஸும், தாமஸ் மர்ஃபி, ஜேம்ஸ் கூப்பர், டேவிட் பெல், வில்லியம் கிரிஃபித்ஸ் என்ற நான்கு சிப்பாய்களும் படகை அலைக்குள் செலுத்தி 17 பேரைக் காப்பாற்றினார்கள். ஐவருக்கும் விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. எதிரியின் முன் நிகழாத வீரத்துக்கு அந்த விருது கொடுக்கப்பட்ட மிகச் சில நிகழ்ச்சிகளில் இது ஒன்று.

விக்டோரியா கிராஸை லண்டனின் ஹான்காக்ஸ் நகைக்கடைதான் தொடக்கம் முதல் செய்கிறது. ஆனால் அதன் பின்புறத்தில் முக்கியமாகக் காண்பது வேறு: மேல்பட்டையின் பின்னால் வீரனின் பதவியும் பெயரும் படைப்பிரிவும், சிலுவையின் நடு வட்டத்தில் நிகழ்ச்சி நடந்த தேதியும். நூற்றைம்பது ஆண்டு கழித்தும் எந்தச் சிலுவை யாருடையது என்று சந்தேகம் எழாததற்கு அதுவே காரணம்.

அன்று அதே கரையில் துப்பாக்கிக்கு இரையான ஓங்கே மக்களுக்குப் பதக்கமும் இல்லை, பெயரும் இல்லை. 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃபிரிகஞ்சில் ஜப்பானியர் சுட்டுக் கொன்ற 44 பேரும் எந்தப் பதக்கத்தையும் அணிந்தவர்கள் அல்லர். பதக்கம் உள்ள இடத்தில் மட்டும் வரலாறு இருக்கிறது என்று நாம் எண்ணிவிடக்கூடாது.

நம் வீட்டுப் பதக்கத்தை என்ன செய்வது?

1969 முதல் கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் குடியமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவத்தினரில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்கள் வீட்டிலும், நகரில் உள்ள நம்மவர் வீட்டிலும் இருக்கும் பதக்கங்கள் பெரும்பாலும் இந்தியப் பதக்கங்களே. அவற்றுக்கும் ஜெர்மன் பதக்கத்துக்கும் சேர்த்துச் சில யோசனைகள்:

முதலாவது, தேய்க்காதீர்கள். புளி, சாம்பல், பிராஸோ எதுவும் வேண்டாம். விளிம்பில் பெயரும் வளையத்தில் முத்திரையும் ஒரு முடியளவு ஆழத்தில்தான் இருக்கின்றன. ஆண்டுக்கொரு முறை ஆயுத பூஜைக்கு விளக்கினால் இருபது ஆண்டில் பெயர் போய்விடும். மெல்லிய பருத்தித் துணியால் தூசி துடைத்தால் போதும்.

இரண்டாவது, நம் தீவின் உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றுங்கள். இரும்புச் சிலுவையின் நடுத்தகடு துருப்பிடித்தால் வெள்ளிச் சட்டத்தையும் பிதுக்கிக்கொண்டு வந்துவிடும். மூடி இறுகும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள்.

மூன்றாவது, அடித்ததா, வார்த்ததா என்று பாருங்கள். அச்சில் அடித்த பதக்கத்தில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். நகலை வைத்து வார்த்ததில் எழுத்து மழுங்கியிருக்கும். லென்ஸில் பார்த்தால் இட்லியின் மேற்பரப்பைப் போலச் சிறு சிறு துளைகள் தெரியும்.

நான்காவது, உலோக விலைக்கு விற்காதீர்கள். சுதந்திரத்துக்குப் பின் வந்த இந்தியப் பதக்கங்கள் பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்தவை. உருக்கினால் ஒன்றும் கிடைக்காது. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் ஆனது. 1980 வாக்கில் வெள்ளி விலை ஏறியபோது உலகெங்கும் அவை ஏராளமாக உருக்கப்பட்டன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு பெயர் இருந்தது. வெள்ளி மீண்டும் கிடைக்கும். அந்தப் பெயர் எங்கே கிடைக்கும்?

ஐந்தாவது, சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1914 பதக்கங்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குத் தபாலில் அனுப்பலாம் என்று நினைக்கிறவர்கள் கவனிக்கவும்.

ஆறாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: எழுதி வையுங்கள். பதக்கத்தின் முன்புறம், பின்புறம், விளிம்பு, வளையம் நான்கையும் படம் எடுங்கள். ஒரு முழுத்தாளில் தாத்தாவின் பெயர், ஊர், படைப்பிரிவு, போன ஆண்டு, திரும்பிய ஆண்டு, யார் சொல்லித் தெரியும் என்பது வரை எழுதி, தேதி போட்டுப் பதக்கத்தோடு வையுங்கள். டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட், பென்ஷன் புத்தகம், பழைய கடிதம் எது இருந்தாலும் அதன் நகலையும் சேர்த்து வையுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால், உங்கள் பேரன் காலத்தில் அதுவும் பட்டறை முத்திரை மட்டும் உள்ள ஜெர்மன் பதக்கத்தைப் போல ஆள் தெரியாத பொருளாகிவிடும்.

நம் முன்னோர் போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் நாட்டியபோது, அவன் பெயரையும் அவன் செய்த செயலையும் கல்லில் வெட்டினார்கள். ஆநிரை மீட்டு இறந்த சாதாரண ஊர்க்காரனின் பெயர் ஆயிரம் ஆண்டு கடந்தும் தர்மபுரிப் பக்கத்துக் கல்லில் நிற்கிறது. கல்லைச் செதுக்கிய தச்சன் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. எதைக் காக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

வரும் பொங்கலுக்குள் நம் சங்கக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு தாளாவது எழுதி முடித்தால், இத்தீவில் தமிழரின் வரலாறு எழுத வருகிறவருக்கு அது பெரும் துணையாக இருக்கும். வீட்டில் எண்பதைத் தாண்டிய பெரியவர் யாரேனும் இருந்தால் பொங்கல் வரை காத்திராமல் இன்று மாலையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.